வலது பக்கத்தில் ஒன்றுமில்லை

எனக்கு ஒரு முதுகு இருக்கிறது என்பதை ஊரார்தான் முதலில் எனக்குச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு முதுகு என்பது நாற்காலியில் சாய்வதற்கும், குளிக்கும்போது சோப்பு போடக் கை எட்டாமல் திணறுவதற்கும் உள்ள இடம். எனக்கு அது விலாசம். எங்கள் ஊரான கொட்டாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, "அந்தக் கூனிப்பிள்ளைக்க வீடு எது?" என்று கேட்டால் போதும், யாரும் தவறாமல் எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

பிறக்கும்போதே என் முதுகெலும்பின் நடுவில் ஓர் எலும்பு பாதிதான் உருவாகியிருந்தது. அந்தப் பாதி எலும்பு வலது பக்கத்தை மட்டும் முட்டுக்கொடுத்துத் தூக்கியதால், அதற்கு மேலே வளர்ந்ததெல்லாம் சரிந்தே வளர்ந்தது. வலது தோள் மேலே, இடது தோள் கீழே. சிறு வயதில் நாகர்கோவிலில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போகலாம், செய்யாவிட்டால் இப்படியே இருக்கும் என்றார். அப்பா, இப்படியே இருக்கட்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த டாக்டரும் என் உடம்புக்குள் எட்டிப் பார்க்கவில்லை. முதுகைப் பார்த்தவர்கள் முதுகோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்காருவேன். எனக்குப் பக்தி போதாது என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. பக்தியெல்லாம் இருந்தது. எனக்குப் பின்னால் யாரும் உட்கார முடியாத இடம் கோயிலில் அது ஒன்றுதான்.

2004இல் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஒரு சின்னக் கடை, அதற்குள் ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் நின்று பேசுகிறவர்கள் வெளியே எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொள்வார்கள். துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற புருஷன்மாரிடம் பெண்கள் சண்டை போடுவார்கள், கொஞ்சுவார்கள், அழுவார்கள். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லைன் கிளியரே இல்ல" என்பார்கள். நானும், "ஆமாக்கா, இன்னைக்கு லைன் மோசம்" என்பேன். சுனாமி வந்த வாரம் கடற்கரைக்காரர்கள் சந்து முனை வரைக்கும் வரிசையில் நின்றார்கள். அதற்கப்புறம் எல்லார் கையிலும் செல்போன் வந்தது. கூண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு ஜெராக்ஸ் மெஷினைப் போட்டேன். அதன்பின் பேச்சுத் துணைக்கு அந்த மெஷின்தான். பகலெல்லாம் யாரோடும் ஒரு முழு வாக்கியம் பேசாமல் வீடு திரும்பிய நாட்கள் நிறைய உண்டு. தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பழகும், அதோடு வலிக்கவும் செய்யும்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். பள்ளிக்கூடம் போகும்போது எனக்குப் பத்தடி முன்னால் நடப்பான். என்னோடு சேர்ந்து நடந்தால் கிண்டல் அவனுக்கும் வரும் என்று பயம். ஆனால் பஸ்ஸில் கூட்டமாக இருந்தால், என் முகத்தைப் பார்க்காமலேயே கையை நீட்டி என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வான். அவன் பாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த அளவு ஒரு நாளும் குறைந்ததில்லை. பெரியவனானதும் மஸ்கட்டுக்கு ஏ.சி. மெக்கானிக்காகப் போனான். கல்யாணம் ஆனது. இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தன. அவன் மனைவி, என் மைனி, நல்லவள். வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது. நியூஸ் பேப்பர்கூட வாசிக்காதவள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2008இல் அண்ணன் லீவில் வந்து இறங்கியபோது முகமும் காலும் பூரித்துப்போயிருந்தன. எங்கள் பக்கத்தில் கல்ஃபிலிருந்து வருகிறவன் கொஞ்சம் ஊதி வந்தால், நல்லாச் சாப்பிட்டிருக்கான் என்று சந்தோஷப்படுவது வழக்கம். அம்மாவும் பார்க்கிறவர்களிடமெல்லாம் மகன் சதை போட்டு வந்திருப்பதைச் சொல்லி மகிழ்ந்தாள். சதை இல்லை, நீர். ஷூ மாட்ட முடியாமல்தான் டாக்டரிடம் போனான். கவனிக்காமல் விட்ட பிளட் பிரஷர் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது என்றார்கள்.

பிறகு டயாலிசிஸ் ஆரம்பித்தது, வாரம் இரண்டு நாள். மைனிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அதனால் கடையைப் பூட்டிவிட்டு நான்தான் அவனோடு போனேன். மெஷினில் அவன் ரத்தம் போய்த் திரும்பி வருகிற நான்கு மணி நேரமும் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. திரும்பிய பக்கமெல்லாம் தென்னையும் வாழையும் நிற்கிற ஊரில் ஒருத்தனுக்கு இப்படி ஒரு தண்டனை. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக இளநீர்க் குலைகளையே பார்த்துக்கொண்டு வருவான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பழைய ஆளாகிவிடுவான் என்றார் டாக்டர். ரத்த சொந்தம் யாராவது கொடுத்தால் நல்லது என்றார். ரத்த சொந்தம் என்றால் அம்மா, இல்லாவிட்டால் நான். அம்மாவுக்குச் சர்க்கரை.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெரிய விஷயங்களை வாயால் கேட்கிற வழக்கம் கிடையாது. ஒரு நாள் மத்தியானம் என் தட்டில் நெய்மீனின் நடுத்துண்டு வந்தது. முன்பு அப்பாவுக்கும், பிறகு அண்ணனுக்கும் போய்க்கொண்டிருந்த துண்டு அது. எனக்கு வழக்கம் வால் துண்டுதான். மறுநாளும் நடுத்துண்டே வந்தது. மூன்றாம் நாள் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, கெடாய வளக்க மாதிரி வளக்காதீங்க. அண்ணனுக்கு நான் தாறேன்" என்றேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுப்படியிலிருந்து மைனி ஓடிவந்து என் காலைத் தொடப்போனாள். எட்டி நகர்ந்துகொண்டேன். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. முப்பது வயது வரை நான் யாருக்கும் எதற்கும் தேவைப்பட்டதில்லை. கல்யாண வீடுகளில் பெட்டிக்குக் காவல், பிரசவ ஆஸ்பத்திரியில் கூட இருப்பு, இவ்வளவுதான் என் உபயோகம். இப்போது என் உடம்புக்குள்ளிருந்து ஒன்று அண்ணனின் உடம்புக்குள் போய் வேலை செய்யப்போகிறது. இந்த உடம்பை வைத்து ஒரு காரியம் நடக்கப்போகிறது. அதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரத்த குரூப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ். டாக்டர் இன்னும் நிறையப் பரிசோதனை இருக்கிறது என்றுதான் சொன்னார். ஆனால் ரத்தம் சேர்ந்துவிட்டால் எல்லாம் சேர்ந்த மாதிரிதான் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அம்மாவுக்கு அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுக்கவில்லை. நேராகப் போதகர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் முன்னாலேயே சபையில் அறிவித்து, ஆளை முன்னே அழைத்து விசேஷ ஜெபம் செய்வது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை போதகர் என் பெயரைச் சொல்லி முன்னே வரச் சொன்னார்.

அவ்வளவு தூரம் நான் அந்தக் கோயிலுக்குள் நடந்ததில்லை. பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டேன். மொத்தச் சபையும் எனக்குப் பின்னால் இருந்தது, என் முதுகைப் பார்த்துக்கொண்டு. முதல் தடவையாக எனக்கு அது உறுத்தவில்லை. ஆராதனை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு வயதான அம்மா என் கன்னத்தைப் பிடித்து, "கர்த்தர் யாரையும் சும்மா படைக்க மாட்டாரு மக்கா. ஒன்ன இதுக்குத்தான் மிச்சம் வச்சிருந்தாரு, கேட்டியா" என்றார். மிச்சம் என்ற சொல் வேறு நாளில் என்னைச் சுட்டிருக்கும். அன்று அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, 2009இன் தொடக்கத்தில், மற்றப் பரிசோதனைகளுக்காகத் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் அண்ணனும் மட்டும். வயிற்றை ஸ்கேன் செய்தது ஓர் இளம் டாக்டரம்மா, மலையாளி. குளிர்ந்த பசையைத் தடவி, இடது பக்கம் பார்த்தார். பிறகு வலது பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பிப் படுக்கச் சொன்னார். என் முதுகோடு திரும்பிப் படுப்பது லேசில்லை. மூச்சைப் பிடிக்கச் சொன்னார். அடிவயிற்றில் தேடினார். முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து போய் மூத்த டாக்டரைக் கூட்டிவந்தார். அவரும் தேடினார். தொலைந்த கம்மலைக் கட்டிலடியில் தேடுகிற மாதிரி இரண்டு பேரும் எனக்குள் எதையோ தேடினார்கள்.

"ஒண்ணே உள்ளூ" என்றார் அந்த அம்மா, மெதுவாக.

ஒன்றுதான் இருக்கிறது என்கிறார், புரிந்தது. இருந்தாலும் புரியாதவள் மாதிரி அவர் முகத்தைப் பார்த்தேன். மூத்த டாக்டர், கூட வந்தவரை உள்ளே கூப்பிடுங்கள் என்றார். அண்ணன் வந்தான். திரையில் இடது பக்கச் சிறுநீரகத்தைக் காட்டினார். வலது பக்கத்துக்குக் கருவியை நகர்த்தி, "இங்க ஒண்ணுமில்ல, பாருங்க" என்றார்.

தாயின் வயிற்றில் முதுகெலும்பும் சிறுநீரகமும் ஏறத்தாழ ஒரே சமயத்தில், பக்கத்துப் பக்கத்தில் உருவாகின்றனவாம். ஒன்றில் பிசகு ஏற்பட்டால் மற்றதிலும் ஏற்படலாமாம். சிலருக்கு ஒன்றுதான் இருக்கும், சிலருக்கு இடம் மாறி இருக்கும், சிலருக்கு இரண்டும் கீழே ஒட்டிக் குதிரை லாடம் போல இருக்கும். பிறவியிலேயே முதுகு வளைந்த பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே வயிற்றை ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது என்றார். எனக்கு முப்பது வயதாகியிருந்தது.

அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அந்த ஒண்ணு நல்லா இருக்கா சார்?"

"நல்லா இருக்கு. கொஞ்சம் பெரிசாவே வளர்ந்து ரெண்டு வேலையும் செய்யுது. ஆனா இவங்க கொடுக்க முடியாது. நீங்க சோர்ந்துபோக வேண்டாம். மனைவியும் கொடுக்கலாம், ரத்த குரூப் சேர்ந்தா."

"அவளுக்குச் சேராது சார்" என்றான் அண்ணன் உடனே.

எனக்குக் குழப்பமாக இருந்தது. மைனியின் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் நான். அவளுக்கும் ஓ பாசிட்டிவ்தான். மறந்துவிட்டானாக்கும் என்று நினைத்தேன். அதைத் திருத்துகிற நிலையில் நான் இல்லை. நாகர்கோவில் பாசஞ்சரில் திரும்பி வரும்போது என் வலது விலாவில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். முப்பது வருடமாக அங்கே ஒன்றுமில்லாமல்தான் நடந்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன். ஊர் முழுக்கப் பார்த்து முடித்த உடம்பு என்று நான் நினைத்திருந்த உடம்பில் எனக்கே தெரியாத குறை ஒன்று மிச்சமிருந்தது. அண்ணன் பிழைக்க என்னால் முடியாது என்ற நினைப்பு, குழித்துறை தாண்டும்போதுதான் முழுசாக வந்து உறைத்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

வீட்டில் அம்மாவும் மைனியும் வாசலிலேயே நின்றார்கள். நான்தான் சொன்னேன். எனக்கு ஒன்றுதான் இருக்கிறது, பிறவியிலேயே அப்படி என்று சொன்னேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு, "நான் பெத்த பிள்ளைக்கு என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

இப்போது யோசித்தால் அவள் மேல் கோபம் வரவில்லை. கூன் பிள்ளையைப் பெற்றவள் என்று அப்பாவின் ஆட்கள் அவளைப் பேசிய பேச்சு கொஞ்சமில்லை. அதையே விழுங்கி முடிக்காதவளிடம், உன் வயிற்றில் இன்னொரு பிசகும் நடந்திருக்கிறது என்று நான் வந்து சொன்னேன். அதை நம்புவதைவிட மகள் பயந்துவிட்டாள் என்று நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

"அப்படியெல்லாம் உண்டா? எல்லாருக்கும் ரெண்டுதானே?" என்று மைனி அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்தியளா? டாக்டர் ஒங்ககிட்டச் சொன்னாவளா? பேப்பர் தந்தாவளா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"பேப்பர் ஒண்ணும் தரல்ல. நான் வெளியதான் நின்னேன். உள்ள என்ன நடந்துன்னு எனக்குத் தெரியாது" என்றான்.

அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தந்த ரிப்போர்ட்டை அவன் பைக்குள் மடித்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.  மைனி என்னிடம் திரும்பி, "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்லா. கோயில்ல போயி முட்டு போட்டிட்டு இதென்ன பேச்சு?" என்றாள். அன்று ராத்திரி என் தட்டில் வால் துண்டு வந்தது.

அடுத்த டயாலிசிஸ் நாளில், மெஷின் ஓடத் தொடங்கியதும், அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டே, "ஏட்டி, கோவமா?" என்றான்.

"இல்ல, குளுகுளுன்னு இருக்கு" என்றேன். "பக்கத்துல நின்னு டி.வி.யில பாத்தவன் நீதானே. ஏன் அண்ணே அப்படிச் சொன்ன?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "ஒனக்கு ஒண்ணுதான்னு எல்லாரும் நம்பிட்டா அடுத்தாப்ல யாரப் பாப்பாவ? அவளத்தான். அவ கேட்ட ஒடனே தருவா. அவளப் பத்தி ஒனக்குத் தெரியும்லா? தந்துட்டு, அதுவும் எனக்குச் சேராமப் போச்சுன்னா? ரெண்டு பொட்டப்பிள்ளைய மக்கா. அப்பனும் இல்லாம, அம்மையும் படுக்கையில கெடந்தா அதுகளுக்கு யாரு? நீ பயந்துட்டன்னே இருக்கட்டும். இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு நீ மனசு மாறுவன்னு அவ ஒன்னையே பாத்துக்கிட்டு இருப்பா. தன்னப் பத்தி நெனைக்க மாட்டா."

"அதுக்கு எல்லாரும் என்ன வையணுமாக்கும்?"

"ஒனக்கு ஆளுக பேசிப் பேசிப் பழக்கம்லா" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே முகம் சுருங்கிவிட்டது. ஊசி குத்தாத கையால் என் கையைத் தேடிப் பிடித்தான்.

மைனியிடம் கேட்டுப் பார்ப்போம், அவள் முடிவு செய்யட்டும் என்று அன்று ரொம்பச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. அவளுடைய முடிவை அவளிடமிருந்து நாங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டது சரிதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. சரியில்லை என்றுதான் பல நாட்கள் தோன்றுகிறது. ஆனால் அவன் என்னிடம் வாழ்க்கையில் முதன்முதலாக ஒன்று கேட்டிருந்தான். கொடுக்கப் போன இடத்தில் கொடுக்க ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தவள் நான். கேட்டதையாவது கொடுப்போம் என்று ஒத்துக்கொண்டேன்.

"நீயாவது நம்புதியா?" என்று கேட்டேன்.

"என்ன கேள்வி இது? நான் கண்ணால பாத்தேம்லா" என்றான்.

அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு நான் நிறைய நாள் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை போதகர் கடமைக்குப் பயந்து பின்வாங்குகிறவர்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை, எல்லாத் தலைகளும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பின. கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த சபைக்காரர்கள் மீதிக் காசை என் கையில் படாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லார் கண்ணுக்கும் தெரிகிற குறையை என்னால் ஒருநாளும் மறைக்க முடிந்ததில்லை. யார் கண்ணுக்கும் தெரியாத இந்தக் குறையை நிரூபிக்க எனக்கு அனுமதி இல்லை. சில நாள் எரிச்சலில், சட்டென்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று தோன்றும். அன்றைக்கு டயாலிசிஸ் இருந்தால் அவன் பக்கத்தில் போய் ஸ்டூலில் உட்காருவேன். உண்மை தெரிந்த ஒருத்தன் பக்கத்தில் இருப்பதே போதுமாக இருக்கும்.

இறந்தவர்களிடமிருந்து கிடைக்குமா என்று பெயர் பதிந்து வைத்துக் காத்திருந்தோம். அழைப்பு வரவில்லை. 2011இல், சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவன் கட்டிலில் உட்கார்ந்தான். அப்படியே சரிந்தான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவன் பையை நான் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.

தோவாளைப் பூ மாலைகள் வந்தன. சபை வந்தது. பாட்டுப் பாடினார்கள். பெட்டியை மூடப்போகும்போது மைனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் இழுத்து என் முன்னால் நிறுத்தினாள்.

"ரெண்டு வச்சிருந்தும் ஒண்ணு தர ஒனக்கு மனசு வரல்லியேட்டி. இதுகளப் பாரு. நல்லாப் பாரு."

என் நாக்கு சும்மா இருக்கிற நாக்கில்லை, எங்கள் ஊரில் அது எல்லாருக்கும் தெரியும். அன்று கீழே குனிந்து நின்றேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் இல்லை, இனி இந்த உலகத்தில் அந்த உண்மை தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அழுகைகூட வரவில்லை.

அடுத்த வருடம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். நான் நாகர்கோவிலில் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கிக்கொண்டேன். அண்ணனின் மூத்த மகள் டவுனில் படிக்கிறாள் என்று தெரியும். ஒரு நாள் தோழிகளோடு கடைக்கு வந்தாள், ஏதோ சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்க. அவள் அப்பனின் அதே கண். நான்கு பிரதி எடுத்துக் கொடுத்தேன். காசை மேஜையில் வைத்துவிட்டு, அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள். மெஷினின் மூடி திறந்தே கிடந்தது. அதை மூடக்கூட எழுந்திருக்கவில்லை.

2014இல் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூத்திரத்தில் கிருமி. பக்கத்துக் கடைக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சொந்தக்காரர் யாரும் இல்லையா என்று விசாரித்து, மைனிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். கையில் ஃபிளாஸ்க்கில் கஞ்சி. கட்டிலிலிருந்து தள்ளி, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளைப் பார்க்காமலிருந்தால் ஊர் பேசும், அதற்காக வந்தவள் மாதிரிதான் இருந்தாள்.

டாக்டர் உள்ளே வந்தார். அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை, அவரே ஸ்கேன் எடுத்திருந்தார். மைனியைப் பார்த்து, "நீங்கதான் கூட இருக்கிறவங்களா? இவங்களுக்குப் பிறவியிலேயே ஒரு கிட்னிதான். இருக்கிற ஒண்ணுல கிருமி ஏறினா ஆபத்து. இனிமே காய்ச்சல்னா உடனே கூட்டிட்டு வாங்க, தனியா விடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மைனி ஃபிளாஸ்க் மூடியைத் திருகியபடியே இருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். 

"நெசமாத்தானா மக்கா?"

தலையாட்டினேன்.

"நான் எல்லார் முன்னாலயும் ஒன்ன..." என்று தொடங்கி முடிக்காமல் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஐந்து வருடம் நெஞ்சில் வைத்திருந்த கல் நகர்ந்தது போல இருந்தது. இனி சேர்த்துச் சொல்லிவிடலாம், அவன் நம்பினான், அவன் பார்த்தான், என் கையைப் பிடித்துக்கொண்டான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

அதற்குள் மைனி நிமிர்ந்து, "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே ஏன் சொல்லவில்லை என்பது. மைனி படிக்காதவள்தான், மந்தமானவள் இல்லை. தன் ரத்தம் என்னவென்று அவளுக்குத் தெரியும். மனைவியும் கொடுக்கலாம் என்பது இப்போது ஊரில் பலருக்கும் தெரியும். ஒரே ராத்திரியில் கூட்டிப் பார்த்துவிடுவாள். தன்னால் அவன் பிழைத்திருக்கலாம் என்பதோடு அவள் மீதி ஆயுளைக் கழிக்க வேண்டும். அவன் எதற்காக அத்தனையும் செய்தானோ அது அந்த ஒரு சொல்லில் போய்விடும்.

"தெரியாது மைனி" என்றேன். "அவன் வெளியதான் நின்னான். நான் சொன்னத அவனும் நம்பல்ல."

"பாவி மனுசன்" என்று மைனி தலையில் அடித்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவள நம்பாமலே போய்ச் சேந்துட்டாரே. எப்படி மக்கா தாங்கிக்கிட்டு கெடந்த?"

உலகத்தில் என்னை நம்பிய ஒரே ஆள் அவன். அவன் நம்பவில்லை என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு, மைனி ஊற்றி நீட்டிய கஞ்சியை வாங்கிக் குடித்தேன்.